உயர்திணைக்கு உரிய சொல்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியைச் சகோதரி கேட்டபோது, ஆங்கிலப் பாடம் நடத்தும் நான் எதைப் பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். காலத்தின் அருமை, ஒழுக்கத்தின் மேன்மை, நூலகத்தின் பயன் என்று எழுதத் தக்க பொருள்கள் பல உண்டு. அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் பள்ளியில் இருக்கிறார்கள். ஆகவே, சில மாதங்களாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சிறு ஆங்கிலச் சொல்லைப் பற்றியே எழுதத் துணிந்தேன். மாணவியர், சகோதரிகள், பெற்றோர் ஆகிய எல்லோரும் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் 'என் அம்மா' என்ற தலைப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி தான் எழுதியதை எழுந்து நின்று வாசித்தாள். அவளுடைய தாயார் திருச்சிக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவர். விடியுமுன் எழுந்து சோறு ஆக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். இதையெல்லாம் அந்தப் பெண் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அழகாகவே எழுதியிருந்தாள். முடிக்கும் இடத்தில், 'மை மதர் இஸ் எ உமன் விச் நெவர் டேக்ஸ் ரெஸ்ட்' என்று வாசித்தாள். ஓய்வே எடுக்காத பெண் என் அம்மா என்பது அவள் சொல்ல வந்தது.

நான் அங்கே நிறுத்தினேன். "உங்க அம்மா என்ன மேசையா, நாற்காலியா? 'விச்'னு எழுதியிருக்கியே!" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிவப்பு மையால் 'விச்' என்பதை அடித்து 'ஹூ' என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்தப் பருவம் முடியும்வரை அவள் வகுப்பில் வாய் திறந்து ஆங்கிலம் வாசிக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொடுக்க ஓர் அம்மாள் வருவார். அன்று அவர் வரவில்லை. தொட்டியில் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. அலுப்பில் நான், "பாத்திரம் தேய்க்கிறது இன்னிக்கும் வரல" என்றேன். என் மகன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "எதும்மா, மிஷினா?" என்று கேட்டான்.

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கோ சுருக்கென்றது. காலையில் ஒரு சிறுமியை எதற்காகச் சிரிப்புக்கு ஆளாக்கினேனோ, அதே பிழையை மாலையில் நானே தாய்மொழியில் செய்திருந்தேன். 'தேய்க்கிறவர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தேய்க்கிறது' என்றேன். அந்தச் சிறுமி தெரியாமல் சொன்னாள். அதுவும் தன் தாயைப் போற்றும்போது சொன்னாள். நான் தெரிந்தே சொன்னேன். அதுவும் குறைப்பட்டுக்கொள்ளும்போது சொன்னேன். இருவரில் யாருக்கு மதிப்பெண் குறைக்க வேண்டும்?

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதலில், நம் பிள்ளைகள் ஏன் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்ப்போம். தமிழில் 'உழைக்கிற அம்மா' என்கிறோம். 'உழைக்கிற மாடு' என்றும் சொல்கிறோம். 'உழைக்கிற' என்னும் பெயரெச்சம் இரண்டுக்கும் பொது. அம்மாவுக்கு ஒரு பெயரெச்சம், மாட்டுக்கு வேறொரு பெயரெச்சம் என்று நம் மொழியில் இல்லை. ஆங்கிலத்திலோ பெயரை முதலில் சொல்லி, பிறகு ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டு, அதன் பின்னர் விவரத்தைச் சொல்ல வேண்டும். அந்த இணைப்புச் சொல் மனிதருக்கு 'ஹூ', மற்றவற்றுக்கு 'விச்' என்று பிரிந்து நிற்கிறது. தமிழில் இல்லாத ஒரு சொல்லை, தமிழில் செய்யாத ஒரு தேர்வை, அந்த இடத்தில் நம் பிள்ளை திடீரென்று செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 'எந்தப் பெண்?' என்று கேட்க ஆங்கிலத்தில் 'விச் கர்ள்?' என்றே கேட்கிறோம். அது பிழையன்று. 'உங்களில் யார்?' என்பதற்கும் 'விச் ஆஃப் யூ?' என்பது சரியே. பலரிலிருந்து ஒருவரைப் பொறுக்கிக் கேட்கும்போது 'விச்' மனிதருக்கும் வரும். கேள்வியில் சரியாக இருந்த சொல்லைத்தான் பிள்ளை வாக்கியத்தின் நடுவிலும் கொண்டு வந்து வைக்கிறாள். இதை எடுத்துச் சொல்லாமல் அடித்துத் திருத்துவதால் என்ன பயன்?

ஆனால் மனிதரையும் மற்றவற்றையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. உலகத்துப் பொருள்களையெல்லாம் உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பகுத்து, அந்தப் பகுப்பிலிருந்தே சொல்லதிகாரத்தைத் தொடங்குகிறது தொல்காப்பியம். மனிதர் உயர்திணை, மற்றவை அஃறிணை. 'அம்மா வந்தார்', 'மாடு வந்தது' என்று வினைமுற்றின் கடைசியில் அந்த வேற்றுமையை நாம் நாள்தோறும் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் தாய் வந்தாலும் 'கேம்', மாடு வந்தாலும் 'கேம்'. வினையில் வேற்றுமை இல்லை. நாம் வாக்கியத்தின் முடிவில் வைக்கும் வேலியை அவர்கள் நடுவில் வைத்திருக்கிறார்கள். வேலி இருக்கும் இடம்தான் வேறு.

ஆகவே, 'ஹூ' எங்கே, 'விச்' எங்கே என்பதை ஆங்கில விதியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. சொல்ல வந்ததை ஒரு நொடி தமிழில் நினைத்துப் பாருங்கள். முடிவில் 'வந்தாள், வந்தார்' என்று வருமானால் 'ஹூ'. 'வந்தது' என்று வருமானால் 'விச்'. ஆறாம் வகுப்பு மாணவிக்கும் இது விளங்கும். இலக்கணம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியையும் ஆங்கில ஆசிரியையும் இந்த ஒரு பாடத்தைச் சேர்ந்தே நடத்தலாம் என்பது என் கருத்து.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியது என்று வெட்கப்படவும் வேண்டாம். ஆங்கிலேயரே இதில் நெடுங்காலம் தடுமாறியவர்கள்தாம். இடைக்கால ஆங்கிலத்தில் மனிதருக்கும் பொருளுக்கும் 'தட்' என்பதே பெருவழக்கு. பின்னர் 'விச்' வந்தபோது அது மனிதருக்கும் வழங்கியது. 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்திலும், 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொதுச் செப நூலிலும், ஆண்டவர் கற்பித்த செபத்தில் தந்தையாம் இறைவனுக்கே 'விச்' என்ற சொல்தான் இருக்கிறது! நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தில் அந்தச் செபத்தைச் சொல்லும்போது அதே இடத்தில் 'ஹூ' என்கிறோம். அமெரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபையார் 1789-இல் தங்கள் செப நூலை அமைத்தபோது 'விச்' என்பதை 'ஹூ' என்று மாற்றிக்கொண்டார்கள். தமிழில் 'இருக்கிற' என்று சொல்லிவிடுவதால் நமக்கு அந்தச் சிக்கலே எழவில்லை.

இதைப் பற்றி வேடிக்கையான கட்டுரை ஒன்றும் உண்டு. ரிச்சர்டு ஸ்டீல் என்பவர் 1711-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் 'ஸ்பெக்டேட்டர்' என்ற இலண்டன் இதழில் அதை எழுதினார். 'ஹூ', 'விச்' என்னும் இரண்டு சொற்களும் மனிதர்களைப் போல வந்து, பழங்குடிகளாகிய எங்கள் இடத்தை 'தட்' என்பவன் பறித்துக்கொண்டான் என்று விண்ணப்பம் கொடுப்பதாக அமைந்த கட்டுரை அது. குழந்தைகள் முதலில் கற்கும் செபத்திலேயே 'ஹூ' வரவேண்டிய இடத்தில் 'விச்' இருக்கிறதே என்ற குறையையும் அவை அதில் முறையிடுகின்றன. உண்மையில் 'தட்'தான் அவற்றினும் மூத்தது. அந்த வழக்கு முந்நூறு ஆண்டுகள் கடந்தும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

அதே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இத்தாலியரான வீரமாமுனிவர் தமிழகம் வந்து தமிழ் கற்றார். நம் பக்கத்து ஆவூர்த் தேவாலயத்தில் அவர் பணியாற்றியதை இவ்வூர்ப் பெரியவர்கள் அறிவார்கள். பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீன் மொழியில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவர் பழகிய இலத்தீனில் ஆண்பாலுக்கு 'குயி', பெண்பாலுக்கு 'குவே', பொதுப்பாலுக்கு 'குவொத்' என்று இணைப்புச் சொல் மூன்றாகப் பிரியும். அப்படிப்பட்ட மொழியிலிருந்து வந்தவருக்கு, இணைப்புச் சொல்லே இல்லாமல் 'வந்த' என்ற ஒரு பெயரெச்சத்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடும் தமிழ் எத்தனை புதுமையாக இருந்திருக்கும்! நாம் இங்கிருந்து அங்கே போகும்போது இடறுகிறோம்; அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கும் இடறல் உண்டு. இடறியவரைப் பார்த்துச் சிரிக்காதவரே நல்லாசிரியர்.

இனி, மாணவியர் நினைவில் வைக்க வேண்டிய சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மனிதரைப் பற்றிச் சொல்லும்போது 'ஹூ' எப்போதும் பிழையாகாது. ஐயம் எழுந்தால் அதையே எழுதுங்கள். 'தட்' மனிதருக்கும் வரலாம். 'தி கர்ள் தட் வன் தி ப்ரைஸ்' என்பதும் நல்ல ஆங்கிலமே. அதைப் பிழை என்று அடிப்பது ஆசிரியரின் பிழை. ஆனால் ஒருவரை முன்பே தெளிவாகச் சொல்லி, காற்புள்ளி வைத்து, மேலும் ஒரு செய்தியைச் சேர்க்கும் இடத்தில் 'தட்' வராது, அங்கே 'ஹூ'தான்.

அந்தக் காற்புள்ளியையும் அலட்சியம் செய்யாதீர்கள். 'மை பிரதர், ஹூ இஸ் இன் மதுரை' என்று காற்புள்ளி வைத்து எழுதினால் உங்களுக்கு இருப்பவர் ஒரே சகோதரர்; அவர் மதுரையில் இருக்கிறார் என்று பொருள். காற்புள்ளி இல்லாவிட்டால், சகோதரர் பலர் உண்டு, அவர்களில் மதுரையில் இருப்பவரைச் சொல்கிறேன் என்று பொருள்படும். ஒரு புள்ளி குடும்பத்தில் ஆளைக் கூட்டிவிடும்!

'ஹூம்' என்பது செயப்படுபொருள் இடத்துக்கு உரியது. பேச்சில் இப்போது அங்கேயும் 'ஹூ' என்றே பலரும் சொல்கிறார்கள்; ஆனால் 'டு', 'வித்' போன்ற முன்னிடைச் சொல்லை அடுத்து வந்தால் 'ஹூம்' என்றே எழுத வேண்டும். 'ஹூஸ்' என்பது மனிதருக்கு மட்டும் உரியது என்று எண்ணாதீர்கள். இலைகள் உதிர்ந்த மரத்துக்கும் அது பொருந்தும். கூட்டத்தைக் குறிக்கும் சொற்களில் கருத்தைப் பாருங்கள். வகுப்பை ஓர் அமைப்பாக நினைத்தால் 'விச்'. அதிலுள்ள பிள்ளைகளை நினைத்தால் 'ஹூ'.

விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் 'விச்' அல்லது 'தட்' என்பது பொது விதி. ஆனால் நம் விராலிமலைப் பிள்ளைகள் மயிலைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் 'ஹூ' என்றே எழுதுகிறார்கள். 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகத்துப் படம். இங்கே அது முருகன் மலையில் உலவி, நம் ஓட்டின்மேல் வந்து அகவி, எழுப்பிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரர். தேர்வில் 'விச்' என்றே எழுதுங்கள் என்று சொல்லித் தருகிறேன். ஆயினும் அந்த 'ஹூ'வைத் திருத்தும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. அஃறிணையை உயர்த்திச் சொல்லும் பிழை அன்பினால் வருவது. பெயரிட்டு வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் ஆங்கிலேயரே 'ஹூ' என்று சொல்வதுண்டு.

நன்னூலும் இதை அறிந்தே இடம் கொடுத்திருக்கிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய காரணங்களால் திணை மாறி வருவது இயல்பு என்கிறது அது. பசுவைப் பார்த்து 'என் அம்மா வந்தாள்' என்பது மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பட்டியலில் கடைசியில் நிற்பதைக் கவனியுங்கள்: இழிவு. மனிதரை அஃறிணையாகச் சொல்லும் வழக்கில் அந்த நஞ்சும் கலந்திருக்கலாம்.

'இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்? பாப்பா தூங்குது, அந்தப் பொண்ணு நல்லா படிக்குது என்று சொல்வதில் இழிவு எங்கே இருக்கிறது?' என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாசத்தோடு சொல்லும் 'படிக்குது'வில் இழிவு இல்லை. நானும் என் மகனை அப்படிச் சொல்கிறவள்தான். ஆனால் நம் வீட்டில் யாரை 'வந்தார்' என்கிறோம், யாரை 'வந்துச்சு' என்கிறோம் என்று ஒரு நாள் முழுவதும் கவனித்துப் பாருங்கள். மருத்துவர் 'வந்தார்'. வங்கி மேலாளர் 'வந்தார்'. துணி வெளுக்கிறவரும், குப்பை அள்ளுகிறவரும், பாத்திரம் தேய்க்கிறவரும் எப்படி வந்தார்கள்? நம்மைவிட வயதில் மூத்தவராக இருந்தாலும் அவர்கள் 'வந்துச்சு' ஆகிவிடுகிறார்கள். அந்த இடத்தில் அது பாசம் என்று சொல்ல நமக்கு நா எழுமா?

'அரை மதிப்பெண் விஷயத்தை இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டுமா?' என்றும் சிலர் கேட்கக்கூடும். அரை மதிப்பெண்ணுக்காக மட்டுமானால் வேண்டாம். ஆனால் இலக்கணம் என்பது மதிப்பெண் மட்டுமன்று. யார், எது என்று பிரித்தறியும் பயிற்சி அது. ஆங்கிலத்தில் 'ஹூ' எழுதத் தெரிந்துகொண்டு, தமிழில் ஒரு மனிதரை 'அது' என்று அழைக்கும் பிள்ளை பாடத்தில் பாதியைத்தான் கற்றிருக்கிறாள். அப்படிக் கற்பித்த ஆசிரியையும் பாதியைத்தான் கற்பித்திருக்கிறாள்.

அடுத்த பருவம் தொடங்கியபோது, மேலே சொன்ன இரு திணைகளையும் கரும்பலகையில் எழுதி இந்தப் பாடத்தை மறுபடியும் நடத்தினேன். நடத்தி முடித்ததும் வகுப்பின் முன்னால் அந்த மாணவியிடம், "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா. தப்பு என் பேர்ல" என்றேன். அவள், "பரவால்ல டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். கட்டுரையின் அந்தக் கடைசி வரியை மீண்டும் வாசிக்கச் சொன்னேன். 'ஹூ' என்று திருத்தி, தெளிவாக வாசித்தாள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. உட்காரப் போனவள் மறுபடி நின்று, "டீச்சர், எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் பேரு வச்சிருக்கோம். அதுக்கு 'ஹூ' போடலாமா?" என்று கேட்டாள். ஒரு பருவம் முழுவதும் பேசாத பிள்ளை கேட்ட முதல் கேள்வி அது. போடலாம் என்றேன்.

எங்கள் வீட்டுக்கு வரும் அந்த அம்மாளை இப்போது பெயர் சொல்லி, 'அக்கா வந்தாங்க' என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். நாற்பது வருடப் பழக்கம் இலேசில் போவதில்லை, நான் தவறும்போதெல்லாம் என் மகன், "எதும்மா?" என்று நினைவூட்டுகிறான்.

அன்பு மாணவியரே, இந்த விடுமுறையில் உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். காலையில் நம் பள்ளியின் கதவைத் திறக்கிறவர், வகுப்பறையைக் கூட்டுகிறவர், சத்துணவு சமைக்கிறவர், பஸ் ஓட்டுகிறவர், உங்களுக்காக உழைக்கிற உங்கள் தாய் தந்தையர் ஆகியோரைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதி வாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஹூ' இருக்கட்டும். எழுதி முடித்த பிறகு, அவர்களை அதே மரியாதையோடு தமிழிலும் கூப்பிட்டுப் பாருங்கள். இரண்டையும் சரியாகச் செய்தவளுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.